கிராணியாரின் செக்ரோலும் தீமோரின் பத்து நாள்களும்

2025 ஜூலை 27, ஞாயிறு – சுங்கை சிப்புட், மலேசியா

என் கணவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்துக் கிராணியாராக, அதாவது எழுத்தராக, இருந்தவர். ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் இவ்வூரில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. சந்தையிலும் கோயிலிலும் அவர் கிராணியார்தான். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரட்டுக்களத்தில் நின்று ஆள் கணக்கு எடுத்த பழக்கம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. ஆகவே, இந்தோனேசியாவை ஒட்டிய தீமோர் லெஸ்தே நாட்டுக்குப் போவதென்று முடிவானவுடன் அலமாரியிலிருந்து செக்ரோல் என்னும் ஆள் வருகைப் பதிவேட்டில் எழுதாத புத்தகம் ஒன்றை எடுத்தார். ஆள் பெயர் எழுதும் இடத்தில் ஊர்ப் பெயர்களையும், நாள் கட்டங்களில் மணிக்கணக்கையும் நிரப்பத் தொடங்கினார்.

ஏன் தீமோர் என்று கேட்காத ஆள் இல்லை. எங்கள் ஊரில் விடுமுறை என்றால் மேடான், பாலி, இல்லையேல் சென்னை. "அங்கே முருகன் கோயில் இருக்கிறதா, டீச்சர்?" என்று பூக்கடைக்கார அம்மா கேட்டார், எனக்குத் தெரிந்தவரை இல்லை என்றேன். உண்மையான காரணம் சிறியது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் பத்து நாடுகள் என்று எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். வரும் அக்டோபரில் கோலாலம்பூர் மாநாட்டில் தீமோர் 11ஆவது உறுப்பினராகச் சேரப்போகிறது என்று செய்தியில் கேட்டபோது, வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டியதற்கு மேல் அந்த நாட்டைப் பற்றி எதுவும் தெரியாதே என்று வெட்கமாக இருந்தது.

கூட்டத்தோடு போகும் சுற்றுலா எதுவும் அங்கே கிடைக்கவில்லை. தலைநகர் டிலியிலுள்ள ஒரு சிறு பயண ஏற்பாட்டாளருக்கு மின்னஞ்சல் எழுதினோம். எங்கள் வயது என்ன, எவ்வளவு தூரம் நடப்போம், எதைச் சாப்பிட மாட்டோம், குளிர் தாங்குமா என்று நான்கு மாதங்களாகக் கேட்டுக் கேட்டு, தையற்காரர் அளவெடுப்பதுபோல எங்களை அளந்தார்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, ஓட்டுநர், எண்ணெய் எல்லாம் சேர்த்து நாளுக்கு 130 டாலர். எங்கள் கணக்கில் ஏறத்தாழ 550 வெள்ளி (ரிங்கிட்). இதற்கெல்லாம் என் கணவர் தலையாட்டினார். ஆனால் கடைசிக் கடிதத்தில், "இரண்டு நாள்களை வெறுமையாக விடுங்கள்" என்று அவர்கள் எழுதியிருந்ததை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை.

"செக்ரோலில் வெறுங்கட்டம் என்றால் ஆள் வேலைக்கு வரவில்லை என்று பொருள். காசையும் கொடுத்துவிட்டு வேலைக்கும் வராமல் இருப்பதா?" என்றார். நாடே பதினைந்தாயிரம் சதுரக் கிலோமீட்டர்தான், நம் பேராக் மாநிலத்தைவிடச் சிறியது, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்பது அவருடைய வாதம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வெற்று நாள்கள் இரண்டும் நிரம்பின: ஒன்றில் பௌகாவ், மற்றதில் நாட்டின் கிழக்குக் கோடியிலுள்ள துத்துவாலா.

ஆகஸ்ட் 22, வெள்ளி – டிலி

பாலியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் விமானம் இறங்கிவிட்டது. எங்கள் ஊரின் பச்சைக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் தெரிந்தது நிறம்தான். ஆகஸ்டு இங்கே மழையில்லாக் காலம். நகரின் பின்னால் எழும் மலைகள் காய்ந்த தேங்காய் நார் நிறத்தில் இருக்க, அவற்றின் காலடியில் கடல் மட்டும் அளவுக்கு மீறிய நீலமாகக் கிடந்தது.

இந்நாட்டின் நாணயம் அமெரிக்க டாலர். சில்லறைக்கு மட்டும் சொந்தமாகச் செண்டாவோ காசுகளை அடித்துக்கொள்கிறார்கள். தங்கும் விடுதியில் முன்பணம் கட்டும்போது, அங்கிருந்த பெண் எங்கள் நோட்டுகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்துப் பார்த்து இரண்டாகப் பிரித்தாள். பழைய அச்சு நோட்டுகளும் ஓரம் கிழிந்தவையும் இங்கே எவரிடமும் செல்லாதாம். நாங்கள் கொண்டுவந்த ஆயிரத்தில் முந்நூறு டாலர் அந்தப் பக்கம் போயிற்று. நம் ஊர்ப் பக்கத்து நாணயமாற்றுக் கடைக்காரர் தம்மிடம் தங்கியிருந்த பழசையெல்லாம் எங்கள் தலையில் கட்டிவிட்டிருக்கிறார். ஏற்பாட்டாளரின் கடிதத்தில் மூன்றாவது வரியிலேயே இந்த எச்சரிக்கை இருந்தது. செக்ரோலில் அதற்குக் கட்டம் இல்லாததால் ஏறவில்லை.

தெருவில் இறங்கி நடந்தபோது பிள்ளைகள் எங்களைப் பார்த்து, "மலாயே! மலாயே!" என்று கூவினார்கள். என் கணவர் நின்று, பொறுமையாக மலாய் மொழியிலேயே, "நாங்கள் மலாய்க்காரர்கள் அல்லர், மலேசிய இந்தியர்கள்" என்று விளக்கினார். பிள்ளைகள் இன்னும் பலமாகக் கூவினார்கள். இந்நாட்டின் தேத்தும் மொழியில் அச்சொல்லுக்கு வெளிநாட்டார் என்றே பொருள் என்பதை எங்களுக்கு ஓட்டுநர்தான் பிறகு சொன்னார்.

அந்த ஓட்டுநருக்கு நாற்பது வயதிருக்கும். என்னைத் 'தியா' என்றும் அவரைத் 'தியு' என்றும் முதல் வார்த்தையிலேயே அழைத்தார். அத்தை, மாமா என்பதுபோல. மூத்தவரை அண்ணன் என்ற பொருளில் 'மவுன்' என்றும், அக்காள் என்ற பொருளில் 'மானா' என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். முன்பின் தெரியாத கடைக்காரியைக்கூட வெறும் பெயர் சொல்லி அழைக்காத ஊர் என்றால் எனக்குப் பாதி பயம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை என் கணவர் மரக்கறி. அதை எப்படிச் சொல்வது என்று நான் கவலைப்பட்டிருக்க, உணவகத்தில் 'பத்தார் தாஆன்' என்று ஒன்று வந்தது. மக்காச்சோளமும் பச்சைப்பயறும் பூசணிக்காயும் வெங்காயமும் குழைய வெந்த கூட்டு. கறிவேப்பிலையும் கடுகும் இல்லாத குறைதான். மற்றபடி என் மாமியார் வைத்தது போலவே இருந்தது. பக்கத்தில் சிறு கிண்ணத்தில் 'ஆய் மானாஸ்' என்னும் மிளகாய் விழுது. ஒரு நுனி தொட்டுக்கொண்ட என் கணவர் அதன்பிறகு சிறிது நேரம் திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒன்பது டாலர்.

ஆகஸ்ட் 23, சனி – அத்தாவுரோ தீவு

தீமோரின் மணி நம் மணிக்கு ஒரு மணி நேரம் முந்தியது. செக்ரோல் முழுவதும் மலேசிய நேரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது இன்று காலை, படகுக்காரர் விடுதிக் கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. பல் துலக்காமல் படகேறினோம்.

டிலிக்கு நேர் வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். இடையிலுள்ள கடல் மூவாயிரம் மீட்டருக்கும் ஆழமானதாம். படகின் ஓரத்தில் கை நனைத்துக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். ஆண்டின் இறுதி மாதங்களில் நீலத் திமிங்கிலங்கள் கடக்கும் வழி இது. ஆகஸ்டில் அவை இல்லை. ஓங்கில்கள் மட்டும் ஒரு கூட்டம் வந்து, சற்று நேரம் துணைக்கு நீந்திவிட்டுப் போயின.

தீவிலுள்ள பெலோய் என்னும் ஊரில் சனிக்கிழமைச் சந்தை கடற்கரையிலேயே நடக்கிறது. கருவாடு, கடற்பாசி, வெற்றிலை, பாக்கு, ஓலையில் பொதிந்த சோறு. பாக்கை நறுக்கிச் சுண்ணாம்பு தடவிக் கொடுத்த பாட்டியிடம் நான் வாங்கி மென்றதும், சுற்றியிருந்த நான்கைந்து கிழவிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். தோட்டத்தில் எங்கள் லயன் (வரிசை) வீட்டுத் திண்ணையில் இதே சிவந்த வாய்களோடு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

2016இல் இத்தீவைச் சுற்றி ஆராய்ந்தவர்கள் ஓர் இடத்துக்குச் சராசரியாக 253 வகைப் பவளப்பாறை மீன்களைக் கண்டார்கள் என்று படித்திருந்தேன். முழங்காலளவு நீரில் சுடிதாரோடு நின்று, இரவல் வாங்கிய கண்ணாடியை முகத்தில் வைத்துக் குனிந்தேன். பெயர் தெரிந்தது ஒன்றுகூட இல்லை. மஞ்சளில் கறுப்புக் கோடு, நீலத்தில் ஆரஞ்சுப் புள்ளி, தீபாவளிக்குத் துணிக்கடையில் விரித்துப் போட்டதுபோல இருந்தது. முதுகு வெந்துபோனது மாலையில்தான் தெரிந்தது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு – அத்தாவுரோ

படகு வரவில்லை. காற்று திரும்பிவிட்டது என்று வீட்டுக்காரப் பெண்மணி கடலைக் கையால் காட்டி, "அனின், அனின்" என்றாள். அக்கரை தெளிவாகத் தெரிகிறது. டிலியின் மலைகளில் வீடுகளைக்கூட எண்ணலாம் போலிருக்கிறது. ஆனால் நடுவே வெள்ளை நுரை வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் காலை ஏழு மணியிலிருந்து பதினோரு மணிவரை, செக்ரோலை மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். அந்நேரத்தில் நாங்கள் பௌகாவில் இருந்திருக்க வேண்டும்.

தேவாலயத்திலிருந்து பாட்டு வந்துகொண்டே இருந்தது. இசைக்கருவி எதுவும் இல்லாமல் குரல்களாலேயே நான்கு அடுக்காகப் பாடினார்கள். முடிந்து வெளியே வந்தவர்களில் ஒரு முதியவர் எங்களைக் கண்டு, நின்று, இந்தோனேசிய மொழியில் பேசத் தொடங்கினார். 1975 முதல் 1999 வரை இந்தோனேசிய ஆட்சியின் கீழிருந்த நாடு என்பதால், நடுவயதைத் தாண்டியவர்களுக்கு அம்மொழி தெரியும். எங்கள் சந்தை மலாய் போதுமானதாக இருந்தது. பள்ளியில், "அது சரியான மலாய் அன்று" என்று நான் பிள்ளைகளைத் திருத்தி வந்த அதே மொழிதான் இங்கே எங்களைக் காப்பாற்றியது.

"இதே மாதம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, போர்த்துகீசியக் கவர்னர் இங்கேதான் ஓடிவந்தார்" என்றார் அவர். 1975 ஆகஸ்டில் டிலியில் உள்நாட்டுச் சண்டை மூண்டபோது கவர்னர் நகரை விட்டு இத்தீவுக்கு வந்தார். பிறகு நகருக்குத் திரும்பவே இல்லை. நவம்பர் 28இல் சுதந்திர அறிவிப்பு, டிசம்பர் 7இல் இந்தோனேசியப் படையெடுப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில், போராளிகளின் குடும்பத்தாரை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இத்தீவில் அடைத்து வைத்தார்கள். "எங்களுக்கே மழை பெய்தால்தான் சோளம். அவர்களுக்கு என்ன கொடுப்பது?" என்று சொல்லிவிட்டு, முதியவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிற்பகலில் வீட்டுக்காரப் பெண்மணி ஒரு மூக்குக் கண்ணாடியை எடுத்துவந்து காட்டினாள். மரத்தைக் குடைந்து, கண்ணாடித் துண்டைப் பொருத்தி, ரப்பர் பட்டியால் கட்டியது. மேற்குக் கரையில் அடாரா என்னும் ஊரில் பெண்கள் இதை அணிந்துகொண்டு, மூச்சடக்கி மூழ்கி, ஈட்டியால் மீன் குத்துகிறார்கள். அவளுடைய அத்தை அவர்களில் ஒருத்தி. செக்ரோலில் "அடாரா, நடை, 3 மணி" என்று எழுதியிருந்தது. அந்த மலைமுகட்டை நிமிர்ந்து பார்த்த பிறகு அதைப் பற்றி எவரும் பேச்செடுக்கவில்லை.

இரவு சுட்ட மீன், மரவள்ளிக்கிழங்கு, முருங்கைக்கீரை. ஆளுக்கு நாளுக்கு 25 டாலர், மூன்று வேளைச் சாப்பாட்டோடு. தங்க நேர்ந்த கூடுதல் இரவுக்கு அவள் சாப்பாட்டுக் காசு மட்டும் வாங்கிக்கொண்டாள். காற்று செய்த வேலைக்கு உங்களிடம் எப்படி வாடகை கேட்பது என்பது அவள் சொன்ன காரணம்.

ஆகஸ்ட் 25, திங்கள் – டிலி

மாலைதான் கரை சேர்ந்தோம். விடுதி முற்றத்தில் செக்ரோலை விரித்து ஓட்டுநரின் முன் வைத்தார் என் கணவர். ஓட்டுநர் அதை நெடுநேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு துத்துவாலாவின் மேல் விரலை வைத்து, "தியு, இங்கே போக எட்டு மணி நேரம். வர எட்டு மணி நேரம். வழியில் பாலம் நன்றாக இருந்தால்" என்றார். செக்ரோலில் மூன்றரை மணி என்றிருந்தது. கிலோமீட்டரை நம் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக் கணக்கில் வகுத்து எடுத்த மணி அது.

துத்துவாலாவுக்கு அப்பால், கைக்கெட்டும் தூரத்தில் ஜாகோ என்னும் சிறு தீவு இருக்கிறது. அது புனிதமான இடம். யாரும் அங்கே இரவு தங்குவதில்லை. படங்களில் அதன் வெள்ளை மணலைப் பார்த்துத்தான் நான் இந்தப் பயணத்துக்கே ஆசைப்பட்டேன். கிழக்கா, மலையா, இரண்டில் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். காப்பித் தோட்டம் மலையில் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சிவப்பு மையால் மூன்று வரிகளை அவர் அடித்தபோது, அளவுகோலை வைத்து நேராகத்தான் அடித்தார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய் – டிலி, மௌபிசே

காலையில் பலிடே என்னும் பகுதியிலுள்ள பழைய சிறைக்குப் போனோம். 'செகா' என்றால் போர்த்துகீசிய மொழியில் 'போதும்'. அந்தப் பெயரில்தான், அக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் அறிக்கையும், சிறைக்குள் அமைந்த கண்காட்சியும் இருக்கின்றன. 1974 முதல் 1999 வரையில் குறைந்தது 102,800 பேர் மோதல்களாலும் பசியாலும் நோயாலும் இறந்தார்கள் என்பது அந்த ஆணையத்தின் கணிப்பு. இருட்டறை ஒன்றின் கதவை மூடிக் காட்டட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். ஓட்டுநர் உள்ளே வரவில்லை. வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில், "உங்கள் ஊரில் சண்டை நடந்ததுண்டா, தியா?" என்று கேட்டார். 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதிலிருந்துதான் மலாயாவில் அவசரகாலம் தொடங்கியது என்று சொன்னேன். அப்போது தோட்டத்து மக்கள் முள்வேலிக்குள் இருந்த நாள்களைப் பற்றி என் அம்மா ஒரே ஒரு செய்தி சொல்வார்: வேலைக்குப் போகும்போது சமைத்த சோற்றை எடுத்துப்போக விடமாட்டார்கள், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று. ஓட்டுநர் தலையை ஆட்டினார். "இங்கேயும் அப்படித்தான்" என்றார்.

மௌபிசே எழுபது கிலோமீட்டர். நான்கு மணி நேரம். அய்லியூவுக்கு மேல் வளைவு மேல் வளைவாக ஏறும் சாலையில் என் கணவர் உற்சாகமாகி, "பூசிங், பூசிங்!" என்றார். நம் மலாயில் சுற்றிப் பார்ப்போம் என்று பொருள். இந்தோனேசிய மொழியிலோ தலை சுற்றுகிறது என்று பொருளாம். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, அவரை இறக்கி, பாறையில் உட்காரவைத்து, எலுமிச்சம்பழம் ஒன்றை நறுக்கி மூக்கில் பிடித்தார். அங்கே இரண்டு எருமை மேய்ப்பவர்களும் கூடிவிட்டார்கள். தமக்கு ஒன்றுமில்லை என்று விளக்க என் கணவர் பட்ட பாட்டில், அவருக்கு உண்மையிலேயே தலை சுற்றியது.

ஆகஸ்ட் 27, புதன் – மௌபிசே

செக்ரோலின்படி இன்று காப்பித் தோட்டத்துக்கு இரண்டு மணி நேரம். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம்.

தோட்டம் என்றால் எங்களுக்கு நிரை பிடித்து நிற்கும் மரங்கள். பால்மரமானாலும் செம்பனையானாலும், நிரையில் நின்று பார்த்தால் மறுகோடி தெரியவேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. சவுக்கும் பத்தாய் மரமும் மேலே நிழல் தர, அவற்றின் அடியில் காப்பிச் செடிகள் தம் விருப்பம்போல் வளர்ந்து, ஆள் உயரத்தையும் தாண்டி நின்றன. கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டு பழம் பறிக்கிறார்கள். எட்டாததற்குப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். என் கணவர் நுழைந்தவுடன் சொன்ன முதல் வார்த்தை, "இது காடு". கொஞ்ச நேரம் கழித்து, "இங்கே மண்டோர் யார்?" என்று வேலை மேற்பார்ப்பவரைக் கேட்டார். ஓட்டுநருக்குச் சித்தி முறையான அந்த வீட்டம்மாள் தன்னையே காட்டிக்கொண்டாள். நிலம் அவர்களுடையது, பறிப்பவர்கள் அவள் மகள்களும் மருமகனும். அறுவடை முடியும் காலம் என்பதால், சிவப்பும் பச்சையும் கலந்த கடைசிப் பழங்களே மிஞ்சியிருந்தன.

ஒரு கைச்சக்கர இயந்திரத்தில் பழத்தின் தோலை உரித்து, வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, கொழகொழப்பைக் கழுவி, நீலத் தார்ப்பாயில் காயவைக்கிறார்கள். கோழி ஒன்று அதன்மேல் நடந்து போயிற்று. கிலோ பழம் அறுபது செண்டாவோவுக்குப் போகிறது என்றாள். ஐந்தாறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை தேறும். என் கணவர் செக்ரோலின் பின்பக்கத்தில் கணக்குப் போடத் தொடங்கி, கோலாலம்பூரில் எங்கள் மகன் ஒரு கோப்பைக்குக் கொடுக்கும் பதினான்கு வெள்ளியில் போய் முட்டி, பேனாவை மூடிவிட்டார்.

தோட்டத்து ஆளுக்குத் தோட்டம் சொந்தமாகும் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் நாங்கள். 1960இல் மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, என் மாமனார் மாதம் பத்து வெள்ளி தவறாமல் கட்டினார்; அந்தப் பங்குச் சீட்டு இன்றும் எங்கள் வீட்டுச் சாமி அறையில், படத்துக்குப் பின்னால் இருக்கிறது. இதை அந்த அம்மாளிடம் சொல்ல முயன்றார் என் கணவர். பாதி புரிந்ததோ இல்லையோ, அவள் எழுந்துபோய்த் தன் நிலத்தின் எல்லைக் கல்லைக் காட்டினாள்.

நான் காட்டச் சொன்னது வேறு. 1920களில் இத்தீவின் தோட்டம் ஒன்றில், அராபிகா, ரொபஸ்டா என்னும் இரு காப்பி இனங்களும் எவர் கையும் படாமல் தாமாகக் கலந்து ஒரு செடி பிறந்தது. இலைத்துரு நோயை எதிர்த்து நிற்கும் செடி அது. உலகில் இன்று பயிராகும் காத்திமோர் முதலிய பல வகைகளுக்கு அதுவே மூதாதை. அந்த இலைத்துரு 1869இல் இலங்கையில் தோன்றித்தான் அங்கிருந்த காப்பித் தோட்டங்களை அழித்தது. காப்பிக்கென்று கடல் கடந்து வந்த நம்மவர்கள் தேயிலைக்குத் திரும்ப நேர்ந்தது. மலாயாவிலும் கித்தா (ரப்பர்) வருவதற்கு முன்பு காப்பிதான் பயிரானது. அப்படிப்பட்ட செடி எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு ஆவல். அந்த அம்மாள் நான்கைந்து செடிகளின் இலையைத் தடவிப் பார்த்துவிட்டு, தடித்த தண்டுள்ள ஒன்றைக் காட்டி, "இது தீமோர்" என்றாள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஓர் இலையைக் கிள்ளிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். விமான நிலையச் சட்டம் நினைவுக்கு வந்து, மாலையில் அங்கேயே போட்டுவிட்டேன்.

இரும்புச் சட்டியில் கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, சர்க்கரையோடு கொதிக்கவைத்துக் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்தார்கள். எங்கள் பையிலிருந்த முறுக்குப் பொட்டலம் கைமாறியது. பேரப்பிள்ளை முதல் முறுக்கை வளையலாக மாட்டிக்கொண்டான்.

ஆகஸ்ட் 28, வியாழன் – ஹாத்துபில்லிகோ

குறைந்த தூரம், கெட்ட பாதை. குளிர். வேறொன்றுமில்லை. மூன்று போர்வைகள், அவற்றின் மேல் என் கணவரின் மழைச்சட்டை.

ஆகஸ்ட் 29, வெள்ளி – ரமெலாவ்

ரமெலாவ் இந்நாட்டின் மிக உயர்ந்த மலை. மூவாயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. செக்ரோலில் இந்நாளுக்கு நேரே கிராணியார் பெயரில் "ஏற்றம், 3.00" என்றும், என் பெயரில் "ஓய்வு" என்றும் எழுதியிருந்தது. எழுதியபோது என்னைக் கேட்கவில்லை. நானும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பின்னிரவு மூன்று மணிக்கு மூவரும் கிளம்பினோம். நான் தொடக்கம் வரை வழியனுப்ப என்று. அரை மணி நேரத்தில் அவருடைய இடது முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, மூச்சு வாங்கி, "டீச்சரம்மா, நீ போய்விட்டு வா. காசு கட்டியாகிவிட்டது" என்றார். அவரை வண்டிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த ஓட்டுநர், எனக்கு முன்னே கைவிளக்கைப் பின்பக்கமாகக் காட்டிக்கொண்டே நடந்தார். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்றே பாடம் நடத்திய கால்கள் அன்று பயன்பட்டன. ஐந்து இடத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் தமக்குக் களைப்பு என்பதுபோல முதலில் உட்கார்ந்தார்.

உச்சியில் மாதாவின் சிலை. விடிந்தபோது வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். நடுவே முதலையின் முதுகுபோல மலைகள். ஒரு சிறுவனைச் சுமந்து திரிந்த முதலை, முதுமையில் இந்தத் தீவாக மாறியது என்பது இவர்கள் கதை. அதனால் முதலையைத் தாத்தா என்றே சொல்வார்கள். கீழே இருந்தவருக்குக் கைபேசியில் படம் பிடித்தேன்; விரல் விறைத்துப்போனதால் பாதிப் படங்களில் என் கையுறைதான் விழுந்திருந்தது.

ஆகஸ்ட் 30, சனி – டிலி

நினைவுப் பொருள் வாங்க ஒதுக்கியிருந்த நாளில், கடைகள் பெரும்பாலும் மூடிக்கிடந்தன. 1999 ஆகஸ்ட் 30இல் ஐக்கிய நாடுகள் நடத்திய வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் தனிநாட்டுக்கு வாக்களித்தார்கள். அந்நாள் இங்கே பொது விடுமுறை. தனி நாடாக முழுமை பெற்றது 2002 மே 20இல்.

சாப்பிட இடம் தேடி அலைவதைக் கண்ட ஓட்டுநர், தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவருடைய அம்மா, ஓலையில் பொதிந்து தேங்காய்ப்பாலில் வெந்த 'காத்துபா'வும், புளி போட்ட மீனும், பப்பாளிப்பூப் பிரட்டலும் வைத்திருந்தார். நம் கெத்துப்பாட்டின் உடன்பிறப்பு. வாக்களித்த அன்று அதிகாலையில் வரிசையில் நின்றதை அந்த அம்மா சொன்னார். முடிவு வந்த பிறகு நடந்ததை ஒரே சொல்லில், கையால் கூரையைக் காட்டி, "நெருப்பு" என்றார். ஓட்டுநர் அப்போது பள்ளிச் சிறுவன். அண்ணன் ஒருவர் இருந்தார் என்று மட்டும் சுவரிலிருந்த படம் சொன்னது.

புறப்படும்போது அந்த அம்மா தம் கையால் நெய்த 'தைஸ்' துணியை என் தோளில் போட்டார். 2021இல் யுனெஸ்கோ, அழியும் நிலையில் உடனே காக்கவேண்டிய மரபு என்று இந்த நெசவைப் பட்டியலில் சேர்த்தது. ஒரு துணிக்கு வாரக்கணக்கில் உழைப்பு. விலை கேட்பதும் தவறு, கேட்காமல் வாங்கிக்கொள்வதும் தவறு என்று நான் தடுமாற, என் கணவர் செய்தது எனக்குப் பிடித்திருந்தது: தம் கழுத்திலிருந்த கோயில் துண்டை எடுத்து, மடித்து, இரண்டு கையாலும் அந்த அம்மாவிடம் நீட்டினார்.

பூசைக்குத் தீமோர்ச் சந்தனம் வாங்கி வரும்படி பூக்கடைக்கார அம்மா சொல்லியிருந்தார். நூற்றாண்டுக் கணக்கில் கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டு போய்விட்டதால், எங்கள் கண்ணில் ஒரு சிறு துண்டுகூடப் படவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு – வீடு

நம் நாட்டுச் சுதந்திர நாளில், மூன்று விமான நிலையங்களில் வரிசையில் நின்றோம்.

செப்டம்பர் 3, புதன் – சுங்கை சிப்புட்

கணக்கு முடிந்தது. இருவருக்கும், செல்லாத முந்நூறு டாலரை நீக்கி, பதினாறாயிரத்துச் சொச்சம் வெள்ளி. அந்த நோட்டுகளை மாற்றித்தர நாணயமாற்றுக் கடைக்காரர் மறுத்துவிட்டார். மௌபிசே காப்பித்தூள் அரைக் கிலோவைப் பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தேன். புளிக்கிறது என்றும், நன்றாக இருக்கிறது என்றும் இரு வேறு அறிக்கைகள் வந்துள்ளன.

இன்று காலை ஓட்டுநரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி: தியுவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அடுத்த ஆண்டு வேலை கிடைத்தால் தாமும் தம் அம்மாவும் மலேசியா பார்க்க ஆசைப்படுகிறார்கள், எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் பதில் எழுதுவதற்குள் என் கணவர் முழங்காலில் தைலம் பூசிக்கொண்டே செக்ரோலில் புதுப் பக்கம் திருப்பிவிட்டார். எட்டிப் பார்த்தேன். பத்து நாள்கள், பினாங்கு, கேமரன் மலை, பத்துமலை, மலாக்கா. முதல் நாள், முதல் கட்டம்: "சுங்கை சிப்புட் சந்தை, 5.30."

"தீமோர் நேரமா, நம் நேரமா?" என்று கேட்டேன்.

அழிரப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.